நனையாத வலை

கால்பந்து என்றோர் ஆட்டம் பூமியில் தோன்றிய நாள்முதல் இன்றுவரை, தடுப்பாட்டக்காரனாக இருந்தும் பந்தை ஒருமுறைகூடக் கண்ணை மூடிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே உதைத்துத் தள்ளாத ஒரே மனிதன் யோரிட் தால்ஸ்மாதான். ஆதாரம் உண்டா என்றால், உண்டு. யோரிட் தால்ஸ்மாவே சொல்லியிருக்கிறான்.

கடைசியாகச் சொன்னது மாமனார் கெர்லோஃபின் பிறந்தநாளன்று. மேர்வெய்க்கில் எல்லா வீட்டிலும் நடப்பதுபோல அங்கேயும் நாற்காலிகள் கூடத்துச் சுவரை ஒட்டி வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வந்தவர்கள் வட்டத்தைச் சுற்றி வந்து, பிறந்தநாள்காரருக்கு, அவர் மகளுக்கு, மருமகனுக்கு, கூடவே எதற்கென்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு காபி, ஆளுக்கொரு துண்டு கேக். இரண்டாவது துண்டை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வருஷம் முழுக்க அதுதான் ஊர்ப்பேச்சு.

யோரிட் நாற்காலியின் நுனிக்கு வந்து தன் காபிக் கோப்பையைத் தரையில் வைத்தான். அது அவன். மனைவி சீட்ஸ்கேயின் கோப்பையைப் பிடுங்கி எதிரே வைத்தான். அது எதிரணி முன்கள வீரன். சர்க்கரைக் கிண்ணம் கோல்.

"பாருங்க. பந்து என் காலுக்கு வருது. இவன் ஓடி வரான். சாதாரண ஆளு என்ன பண்ணுவான்?"

"உதைப்பான்," என்றார் கெர்லோஃப்.

"கழுதையும் அதைத்தான் பண்ணும். நான் நிமிர்ந்து பாப்பேன். அப்புறம் குறுக்கால, நம்ம கோலுக்கு முன்னாடியே, தரையோட தரையா ஒரு பாஸ்."

"சரி, அந்த இடத்துல யாரு இருக்கா?"

"இருக்கணும்."

வட்டம் காபியை உறிஞ்சியது.

கெர்லோஃபுக்கு இதில் தனிப்பட்ட குறை ஒன்று இருந்தது. மேர்வெய்க் கிளப் மைதானத்தின் கிழக்குப் பக்கம் பார்வையாளர் மாடம் கிடையாது. இடுப்பளவு விளம்பரப் பலகை, அதைத் தாண்டினால் வாய்க்கால். வாய்க்காலில் விழும் பந்துகளை நீளக் கம்பில் கட்டிய வலையால் அள்ளிப் போடுவது கெர்லோஃபின் வேலை. சம்பளமில்லாத வேலைதான், ஆனால் கிளப்பின் பெயர் போட்ட மழைக்கோட்டு உண்டு. ஊர் மேயருக்குக்கூட அந்தக் கோட்டு கிடையாது.

"மாப்ளே, நீ இந்தக் கிளப்புக்கு வந்ததுலேர்ந்து உன் பந்து ஒண்ணாவது என் வலைய நனைச்சிருக்கா? ஊர்ல என்ன கேக்கறாங்க தெரியுமா? உங்க மருமகன் ஆடறாரா, இல்ல காயமான்னு கேக்கறாங்க."

"அதான் மாமா பெருமை."

"என்ன பெருமை? வீபேயப் பாரு. தங்கமான பையன். எனக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கான்."

வீபே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அணியில் யோரிட்டுக்கு இடப்பக்கம் ஆடும் தடுப்பாட்டக்காரன். ஆபத்து என்று தோன்றினால் உதைப்பான். தோன்றாவிட்டாலும் உதைப்பான். அவன் உடம்பைச் சூடேற்ற மைதானத்துக்குள் ஓடி வந்தாலே வாய்க்கால் வாத்துகள் வரிசையாக மறுகரைக்கு ஏறிவிடும். அவன் உதைக்கும் ஒவ்வொரு முறையும் மேர்வெய்க் ரசிகர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த உதை கோலைத் தடுத்திருக்கும், அது வேறு விஷயம். இந்த நாட்டில் கோல் விழலாம். அசிங்கமாகத் தடுக்கக் கூடாது.

"பரிசு குடுக்க மறந்துட்டேன்," என்று யோரிட் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான். கெர்லோஃப் கை நீட்டினார். அவன் அவரைக் கடந்துபோய் வீபேயிடம் கொடுத்தான்.

உள்ளே வீபேயின் பெயருக்கு வாங்கிய மீன்பிடி அனுமதி அட்டை.

"வாய்க்கால்ல வலை போட சட்டப்படி அனுமதி வேணும்டா. நீயும் மாமாவும் சேர்ந்து எத்தனை நாளைக்குத் திருட்டுத்தனமாப் பிடிப்பீங்க?"

வட்டம் முழுக்கச் சிரித்தது. வீபே அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"என் பேரை இதுவரைக்கும் யாரும் சரியா எழுதினதில்ல. இதுல சரியா இருக்கு. நன்றி," என்று பைக்குள் வைத்துக்கொண்டான். அவனைக் கேலி செய்வதில் உள்ள கஷ்டமே இதுதான்.

சீட்ஸ்கே தன் கோப்பையைத் தரையிலிருந்து எடுத்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை தோத்தா சனிக்கிழமை நீ எங்க இருப்பன்னு சொல்லு. அப்புறம் கழுதையப் பத்திப் பேசலாம்."

"நம்ம கேரவன் விக்கிற கடைலதான்," என்றான் அவள் அண்ணன் ஹெஸ்ஸல். "மச்சான், நிஜமாத்தான் சொல்றேன். டை நான் தரேன். கேரவன்ல மடக்குற கட்டில விரிச்சுக் காட்டணும், மறுபடி மடக்கணும். உனக்கு வராதது ஒண்ணும் இல்ல."

இந்தமுறை யோரிட் சிரிக்கவில்லை.

கேரவன் எப்படி இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது என்பதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். யோரிட்டைச் சிறுவயதிலேயே தலைநகரத்துப் பெரிய கிளப் ஒன்று எடுத்து வளர்த்தது. அங்கே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: பந்து நம்முடைய நண்பன், நண்பனை யாரும் வெளியே துரத்துவதில்லை. பெரிய அணிக்காக முதல் ஆட்டத்தில் இறங்கினான். தன் கோலுக்கு முன்னால் குறுக்கே ஒரு பாஸ் கொடுத்தான். எதிரணிக்காரன் ஒருவன் வந்து எடுத்துக்கொண்டான். அதுவே அங்கே கடைசி ஆட்டமும் ஆயிற்று. "பந்து போன இடம் சரி. ஆள்தான் அங்க இல்ல," என்றான் யோரிட்.

அங்கிருந்து பெல்ஜியம். அங்கேயும் ஆள் அங்கே இல்லை. பிறகு சைப்ரஸ். அங்கே ஆள் இருந்தான், எதிரணி ஆள். ஒவ்வொரு ஊரிலும் சீட்ஸ்கே திரைச்சீலை தைப்பாள், தைத்து முடிக்கும்போது கிளப் கைகொடுத்து வழியனுப்பும். சைப்ரஸிலிருந்து திரும்பிய விமானத்தில் அவள் ஒரே வாக்கியம் பேசினாள்: "இனிமே என் திரைச்சீலை எந்த ஜன்னலுக்கும் இடம் மாறாது." அப்படித்தான் யோரிட் அவள் சொந்த ஊரான மேர்வெய்க்கின் இரண்டாம் பிரிவு அணிக்கு வந்து சேர்ந்தான்.

இப்போது அந்த அணி பட்டியலின் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் தொழில்முறை லீக்கை விட்டே இறங்கிவிடும். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் எல்லோரும் கலைய வேண்டியதுதான். டிரா ஆனாலே போதும், தப்பிவிடும். தப்பினால் யோரிட்டுக்கு இன்னும் ஒரு வருஷம். வேறு கிளப் எதுவும் அவனைக் கூப்பிடவில்லை. இந்த வயதில் கூப்பிடவும் போவதில்லை. ஆகவே ஒரு பக்கம் கால்பந்து, மறுபக்கம் மடக்குக் கட்டில்.

வெள்ளிக்கிழமை மாலை காற்று கிழக்கு நோக்கி வீசியது. உடைமாற்றும் அறையில் கோச் பிரெக்ட் பேசினார். அவர் பேச்சு எப்போதும் சுருக்கம்.

"டிரா போதும்னு யாராவது நினைச்சா வீட்டுக்குப் போயிடுங்க. தோத்தாலும் ஆட்டம் ஆடித்தான் தோக்கணும்."

"தோக்காம ஆடினா தப்பா கோச்?" என்று வீபே கேட்டான். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"உன்கிட்ட நான் பேசவே இல்ல."

முதல் பாதியில் மூலை உதையிலிருந்து வந்த பந்து வீபேயின் தலையில் பட்டுக் கோலுக்குள் போனது. பட்டது என்பதுதான் சரி. அவன் முட்டியதாக யாரும் சாட்சி சொல்லவில்லை. மேர்வெய்க் ஒன்று, கடலோரத்திலிருந்து வந்த அணி பூஜ்யம். கெர்லோஃப் பலகைக்கு அந்தப் பக்கம் வலையைக் கொடிபோல் ஆட்டினார்.

இரண்டாம் பாதியில் பந்து யோரிட்டின் காலுக்கு வந்தது. எதிரணிக்காரன் ஓடி வந்தான். யோரிட் நிமிர்ந்து பார்த்தான். குறுக்காக, கோலுக்கு முன்னாலேயே, தரையோடு தரையாக ஒரு பாஸ். ஆள் அங்கே இல்லை. ஒன்றுக்கு ஒன்று.

"நல்ல பாஸ்தான்," என்றார் கூட்டத்தில் ஒருவர் வருத்தத்தோடு. பக்கத்திலிருந்தவர்கள் ஆமோதித்தார்கள்.

"எங்கடா இருந்த?" என்று யோரிட் வீபேயைப் பார்த்துக் கத்தினான்.

"பின்னாடி. கோலு விழாம பாத்துக்கலாம்னு."

"உன்னை யாரு அதைப் பாக்கச் சொன்னா? நான் பாஸ் குடுக்கற இடத்துல இருக்கணும்!"

"சரி. அடுத்தவாட்டி இருக்கேன்."

வீபே சொன்னால் சொன்னதுதான். அடுத்தவாட்டி வருவதற்கு ஆட்டம் முடியும் தருவாய் ஆயிற்று. நடுவர் ஊதலை வாயருகே கொண்டுபோய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமாக வந்த பந்து ஒன்றை மேர்வெய்க் கோல்காவலர் பிடிக்கத் தவறிக் கீழே விழ, அது உருண்டு யோரிட்டின் காலடியில் வந்து நின்றது. பின்னால் காலிக் கோல். எதிரே இரண்டு பேர் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள்.

யோரிட் நிமிர்ந்து பார்த்தான்.

வீபே அங்கே இருந்தான்.

குறுக்காக, கோலுக்கு முன்னால், சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து எத்தனை தள்ளி இருக்க வேண்டுமோ அத்தனை தள்ளி, ஒரு கையை உயர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பையனைப்போல நின்றிருந்தான். ஓடி வந்த இருவருக்கும் நடுவே, பந்து போக எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு வழி திறந்திருந்தது. தலைநகரத்தில் இல்லாத ஆள், பெல்ஜியத்தில் இல்லாத ஆள், சைப்ரஸில் தப்பான சட்டை போட்டிருந்த ஆள், கடைசியில் இந்த வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துவிட்டான். யோரிட்டின் வாழ்க்கை முழுவதும் இந்த ஓர் ஆளுக்காகத்தான் காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து யோரிட்டின் மனதில் ஒரு கட்டில் விரிந்தது. பிறகு மடங்கியது. பக்கத்தில் டையோடு ஹெஸ்ஸல் நின்றான்.

யோரிட் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதைத்தான்.

பந்து காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, விளம்பரப் பலகையைத் தாண்டி, கெர்லோஃபின் தலைக்கு மேலாகப் போயிற்று. பந்து வீபேயிடம் இல்லை என்ற தைரியத்தில் வாத்துகள் இந்தப் பக்கம் திரும்பி வந்திருந்தன. எல்லாம் ஒன்றாகப் பறந்தன. மேர்வெய்க் ரசிகர்கள் பழக்க தோஷத்தில் முகத்தைச் சுளித்து "ச்சே" என்றார்கள். அந்த "ச்சே" முடிவதற்குள் ஊதல் ஒலித்தது. ஒன்றுக்கு ஒன்று. தப்பித்தாயிற்று. சுளித்த முகத்தை நேராக்கக்கூட நேரமில்லாமல், அதே முகத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கெர்லோஃப் வலையைக் கீழே போட்டார். இத்தனை வருஷத்தில் அவர் வலையைக் கீழே போட்டதில்லை. "என் மாப்ள உதைச்சான்! பாத்தீங்களா? என் மாப்ளய்யா!" என்று கத்தியபடி, பந்தை எடுக்கவேண்டும் என்ற நினைவே இல்லாமல் கிளப் கேன்டீனை நோக்கி ஓடினார். கோச் பிரெக்ட் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். மாடத்தில் சீட்ஸ்கே தன் அண்ணனிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. ஹெஸ்ஸல் தோளைக் குலுக்கினான்.

யோரிட் நின்ற இடத்திலேயே நின்றான். வீபே மெதுவாக வந்தான்.

"நான் அங்கதான நின்னேன்?"

"நின்ன."

"கையக்கூடத் தூக்கினேன்."

"பாத்தேன்டா."

வீபே கொஞ்சம் யோசித்தான். பிறகு குனிந்து காலுறைக்குள் கைவிட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த காப்புத் தகட்டுக்குப் பின்னாலிருந்து மீன்பிடி அனுமதி அட்டையை எடுத்தான். வியர்வையில் அதன் ஓரம் வளைந்திருந்தது.

"ராசியா இருக்கட்டும்னு வெச்சிருந்தேன். உனக்கு வேணுமா?"

"போடா."

"சரி," என்று அட்டையை யோரிட்டின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வீபே மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளப் போனான்.

கேன்டீனில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். எண்ணெயில் இறைச்சி அடைத்த குரோக்கெட் பொரியும் வாசனை மைதானம் வரை வந்தது. வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. யோரிட் விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து, கீழே கிடந்த வலையை எடுத்தான். பந்து வாய்க்காலின் நடுவில் அசையாமல் மிதந்தது. கம்பு நினைத்ததைவிடக் கனம். முதலில் பாசி வந்தது, பிறகும் பாசி வந்தது, அதற்குப் பிறகுதான் பந்து வந்தது. அதைச் சட்டையில் துடைத்தான். வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு குறை. கூட்டத்தின் இரைச்சலில் பந்து விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை.

அவன் கேன்டீன் பக்கம் பார்த்தான். மாடத்துப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. பந்தைப் புல்லில் வைத்து, நான்கு அடி பின்னால் போய், ஓடி வந்து உதைத்தான்.

தொப்பென்று நன்றாகவே கேட்டது. யோரிட் மறுபடி வலையை எடுத்தான்.