பிரித்துப் பார்த்த பிறகு

திரும்பி வந்த பார்சல்கள் கயல்விழியின் அலமாரியை நிறைத்துக் கட்டிலுக்கடியிலும் நுழைந்துவிட்டன. வெண்ணந்தூரில் இருந்தபடியே பருத்திச் சேலைகளைப் படமெடுத்துப் போனில் போட்டு விற்றுவந்தாள். சேலை கைக்கு வந்ததும் பணம் கொடுத்தால் போதும் என்பதால் ஆர்டர்கள் குவிந்தன. ஆனால் நாமகிரிப்பேட்டைப் பக்கம் கூரியரில் போனவை எல்லாம் போன வேகத்தில் திரும்பின.

ஆர்டர் போட்டு வாங்க மறுத்த ஆத்தாயிக்குப் போன் செய்து காரணம் கேட்டாள்.

"பிரிச்சுப் பாக்காம காசு குடுக்கறதுங்களா? எங்கூர்ல ஒருத்தருக்கு மிக்சின்னு சொல்லிச் செங்கல்ல அனுப்பீட்டானுங்க. அதுலிருந்து பார்சல்னாலே பயமுங்க."

கூரியர் ஆபீசில் கேட்டால், "மொதல்ல பணம், அப்பறந்தான் பிரிக்கோணும். ரூல்ஸ் அப்படிங்க" என்றார்கள்.

"அப்ப நானே போய்க்கறனுங்க."

மறுநாள் காலை பார்சல்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, மஞ்சள் காடுகளைத் தாண்டி ஆத்தாயியின் வாசலில் போய் நின்றாள். செய்தி கேட்டுத் தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கயல்விழி கத்தரிக்கோலை ஆத்தாயியிடமே நீட்டினாள்.

"நீங்களே வெட்டிப் பாருங்க. புடிக்கலீன்னா ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க."

உள்ளே நல்ல அரக்குச் சிவப்புச் சேலை. ஆத்தாயி விரித்தாள், வெயிலில் பிடித்தாள். அப்போதும் முகம் தெளியவில்லை.

"சாயம் போவுமா சாமி?"

"நனைச்சே பாருங்க."

ஆத்தாயி முந்தானையை வாளித் தண்ணீரில் முக்கிக் கசக்கினாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் சொட்டுச் சிவப்புகூட இல்லாமல் தெளிவாகவே கிடந்தது.

"அட, ஒரு பொட்டுச் சாயம் போவலியே!" ஆத்தாயி ஈரச் சேலையைத் தோளில் போட்டபடியே வீட்டுக்குள் ஓடி, பணத்தோடு வந்தாள்.

"எனக்கொண்ணு காட்டு கண்ணு!"

"அந்தப் பச்சைய இங்க குடு!"

கைகள் நாலாபுறமும் நீண்டன. ஸ்கூட்டரில் கட்டுக்கயிறு மட்டுமே மிஞ்சியது. கூட்டத்தில் உஷாராணி என்ற பெண் சொந்த வண்டி வைத்திருந்தாள்.

"இந்தப் பக்கத்துக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கட்டுங்களா? கூலி குடுத்தாப் போதுமுங்க."

"நாளைக்கே ஆரம்பிங்க. ஆனா, பிரிச்சுக் காட்டாம ஆருகிட்டயும் காசு வாங்கப்படாதுங்க."

திரும்பும் வழியில் ராசிபுரம் சாலையில் எதிர்காற்று முகத்தில் அடிக்க, கயல்விழி ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள்.