முதலில் என் பெயரை எடுங்கள்

எங்கள் கூட்டுறவு மளிகைக் கடையின் நிர்வாகக் குழுவில் நான் சேர்ந்த அன்று என் கணவர் கேட்டார்: "சம்பளம் உண்டா?" இல்லை என்றேன். "அப்போ திட்டு உண்டு," என்றார். வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. தக்காளி அழுகினால்கூட என் தையல் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள், ஏதோ நானே உட்கார்ந்து அழுக வைத்ததைப் போல.

கடை உறுப்பினர்களுக்குச் சொந்தம். பொருளும் உறுப்பினர்களுக்கு மட்டும்தான். அதற்கு ஒவ்வொருவரும் மாதத்துக்கு ஒருநாள் வந்து மூட்டை இறக்க வேண்டும், எடை போட வேண்டும், தரை துடைக்க வேண்டும். அதற்குப் பெயர் 'முறை'. தொடர்ந்து மூன்று முறை வராதவரின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம்.

ஒருநாள் குழுக் கூட்டத்தில் அப்படி எடுக்க இருந்தது என் அண்ணியின் பெயரை.

அண்ணன் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்டான். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அண்ணிதான். பக்கத்து வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்தால், அந்த நேரத்தில் ஓடி வந்து பையை நிரப்பிக்கொண்டு ஓடுவாள். அடுத்த கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவ்வளவு நேரம் அண்ணனை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? நான் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "என் வீட்டு அரிசியை நான்தான் வாங்குவேன். உன் தயவு எனக்கு வேண்டாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் ரோஷம் எனக்குத் தெரியாதா?

"உங்க பேரை எடுக்க விடமாட்டேன் அண்ணி," என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

கூட்டம் வழக்கம்போலக் கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. குளிர் அறையின் மோட்டார் சத்தத்தில் எல்லோருமே கத்தித்தான் பேச வேண்டும். தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் கோடு போட்டால் கோடுதான்.

"சொந்தக்காரங்க விஷயத்துல நீங்க பேசக்கூடாதும்மா. கொஞ்சம் வெளிய இருங்க," என்றார்.

அதுவும் விதிதான். பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கடைக்குள் ஒரே ஒரு பெண் உருளைக்கிழங்கு மூட்டையோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கைகொடுக்க ஆளில்லை. உள்ளே நாங்கள் ஐந்து பேர் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பினேன்.

"அண்ணியைப் பத்திப் பேசல சார். நம்மளைப் பத்திப் பேசலாமா? நாம கடைசியா எப்ப மூட்டை தூக்கினோம்?"

குழுவில் ஒருவரான ரொட்டிக் கடைக்காரர் சிரித்தார். "கூட்டத்துக்கு வர்றதே நமக்கு முறைதானே?"

"யார் சொன்னா?"

"அப்படித்தான் வழக்கம்."

"விதியில இருக்கா சார்?"

தலைவர் மென்று விழுங்கினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல," என்றார்.

"அப்போ முதல்ல என் பேரை எடுங்க. அடுத்து உங்க பேரு. அப்புறம் இவங்க எல்லாரும். கடைசியில யாராவது மிச்சம் இருந்தா, அவங்க எங்க அண்ணி பேரை எடுக்கட்டும்."

குழுவில் இன்னொருவரான பல் டாக்டரம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"மிரட்டுறீங்களா?" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முறைன்னா வேலை. வீட்டை விட்டு வர முடியாதவங்க என்ன வேலை செய்வாங்க? அதைச் சொல்லுங்க."

அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். "முறைக்கு வரச் சொல்லி எல்லாருக்கும் போன் பண்றது யாரு?"

"நான்தான்," என்றார் பரிதாபமாக. "வேற யாரும் ஒத்துக்கல. போன் பண்ணாலே எரிஞ்சு விழறாங்க."

"அந்த வேலையை அண்ணிகிட்ட கொடுங்க. அவங்ககிட்ட யார் எரிஞ்சு விழறாங்கன்னு நானும் பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு விதிப்படி வெளியே போனேன். கதவு மூடியது. சும்மா நிற்கப் பிடிக்காமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பெண்ணோடு மூட்டை இழுத்தேன். இரண்டாவது மூட்டையில் கை வைத்தபோது மறுமுனையை யாரோ பிடித்தார்கள். தலைவர். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"தூக்குங்கம்மா," என்றார். "இதை வச்சுட்டு உங்க அண்ணி நம்பரைக் கொடுங்க."

அடுத்த வாரம், காலையில் என் தையல் கடையைத் திறந்து மிஷினில் உட்காருவதற்குள் போன் அடித்தது.

"கூட்டுறவுக் கடையிலேர்ந்து பேசறேன். நாளைக்கு உங்க முறை. ஏழு மணிக்கு லாரி வந்துடும். வரலைன்னா பேரை எடுத்துடுவோம்."

என்றைக்கும் இல்லாமல் 'உங்க'!

"அண்ணி, நான்தான் பேசறேன்."

"தெரியும். சொந்தக்காரங்களுக்குத் தனிச் சலுகை கிடையாது."

பின்னால் அண்ணன் சிரிப்பது கேட்டது. குழறலான சிரிப்பு. படுத்ததிலிருந்து அவன் சிரித்து நான் கேட்டதே இல்லை. தைக்க வைத்திருந்த துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"வருவீங்களா, மாட்டீங்களா?" என்றாள் அண்ணி. "இன்னும் நிறைய பேருக்குப் பேசணும் எனக்கு."