ஏழு நாள் தள்ளுபடி

சொன்ன விலைக்கு எதையும் வாங்கினால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தூக்கம் வராது. மலேசியாவில், பினாங்கு ஸ்திரீட்டில் சேலைக்கடை வைத்திருப்பவன் நான். வயிற்றுக் கிருமிக்கு டாக்டர் அருந்ததி பதினான்கு நாள் மருந்து எழுதினார். ஏழாம் நாள் வலி நின்றது. பேரம் படிந்துவிட்டது என்று நிறுத்திக்கொண்டேன்.

பிறகு மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனை வைத்தார்கள். கிருமி அப்படியே இருந்தது.

"அய்யாக்கண்ணு, கிருமிகிட்டயே டிஸ்கவுண்ட் கேட்டீங்களா?" என்று டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்தார். "உள்ள ஆசிட். அது சதையைத் தொடாம இருக்க வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு. கிருமி அந்தப் பூச்சை மெலிய வைக்குது. அடியில சதை செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கிற இடத்தையும் தளர்த்துது. இடுக்கு வழியா ஆசிட் இறங்கிப் புண்ணாகுது. மறுபடி பாதியில விட்டா ரத்தம் கசியலாம். வேற மருந்து, பதினாலு நாள். வீட்ல யார் பாத்துக்குவா?"

வீட்டில் எனக்கும் சுவருக்கும்தான் பேச்சுவார்த்தை.

"தம்பி இருக்கான் லா, டாக்டர்." இல்லாத தம்பிக்குக் கடை நம்பரைக் கொடுத்தேன்.

புது மருந்தின் எட்டாம் நாள் வலி இல்லை. மாத்திரையால் வாயெல்லாம் இரும்புச் சுவை. மாத்திரை அட்டையை மேசை இழுப்பறைக்குள் தள்ளும்போது கடை ஃபோன் அடித்தது.

"கிளினிக்லருந்து நர்ஸ் மோகனா. அய்யாக்கண்ணு அங்கிளோட தம்பியா?"

குரலைக் கனமாக்கிக்கொண்டேன். "ஆமா."

"அண்ணன் இன்னிக்கு மருந்து போட்டாரா?"

"இல்லம்மா. வலி போயிருச்சு, போதும்ங்கிறாரு."

"போதாது லா! அதட்டுங்க. நீங்க சொன்னா கேப்பாரா?"

"கஷ்டம். பிடிவாதக்காரன்."

"நீங்களும் டெஸ்ட் எடுத்துக்குங்க. கூடச் சாப்பிடறவங்களுக்கும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே சமையலா?"

"ஒரே தட்டு."

"இப்பவே போடச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

ரிசீவரை மேசையில் வைத்தேன். கடையில் ஈ, காக்கை இல்லை. "அண்ணே, மருந்து!" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றி நானே விழுங்கினேன்.

"போட்டுட்டாரு."

"நாளைக்கும் கூப்பிடறேன்."

கூப்பிட்டாள். தினமும் பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன். ஃபோன் அடிக்கும்வரை மாத்திரையைப் பிரிக்கமாட்டேன்.

பதினான்காம் நாள் கடைசி மாத்திரை இறங்கியது.

"முடிஞ்சிருச்சு! அண்ணன்கிட்ட சொல்லுங்க," என்றாள் மோகனா.

"சொன்னேன்மா," என்றேன். "பதினாலை இருபத்தொண்ணா ஆக்க முடியுமான்னு கேக்கறாரு."