பெடல் ஓட்டு

பின்கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. மேனேஜர் அதை உள்ளங்கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"துணி ரோல் திருடு போயிட்டே இருக்கும்மா. இனிமே வேலை நேரத்துல அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும். எல்லாரும் சம்மதிச்சதா இருக்கணும். நாளைக்கு ஏதாவதுன்னா நான் மட்டும் மாட்டிக்கக் கூடாது பாரு. நீயே கேட்டுடு."

தையல் கூடத்துக்கு அவள்தான் சூப்பர்வைசர். கடைசி வரிசையில் அவளுடைய நாத்தனார் தைக்கிறாள். போன மாதம் அயர்ன் டேபிளில் தீப்பிடித்துப் புகை மண்டியபோது, அந்த வரிசை முழுவதும் பின்கதவு வழியாகத்தான் வெளியே ஓடியது. முன்வாசலுக்குப் போவதென்றால் தீயைத் தாண்டியிருக்க வேண்டும்.

மெஷின்களை நிறுத்தச் சொன்னாள். மேனேஜர் அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

"கதவைப் பூட்ட சம்மதம்னா கை தூக்குங்க."

முதலில் முன்வரிசை. அதைப் பார்த்து அடுத்த வரிசை. கடைசியில் நாத்தனாரும் தூக்கினாள். ஆனால் அண்ணியை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"அவ்வளவுதானே, முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். இதோடு விட்டால் வேலைக்கு ஆபத்தில்லை.

"சார், நீங்க பார்த்துட்டு நிக்கும்போது கை தூக்காம வேற என்ன செய்வாங்க?"

"நான் என்ன புலியா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமுவதுபோல் மழுப்பினார்கள்.

"இன்னொரு தடவை கேக்கறேன் சார். இப்ப கை வேண்டாம், கால்." கூடத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் ஊசிக்குக் கீழ துண்டுத் துணி வச்சுக்குங்க. தலையைக் குனிஞ்சுக்குங்க. பூட்ட வேண்டாம்னு நினைக்கிறவங்க பெடலை மிதிங்க."

"மெஷின் ஓட்டத் தெரியும், ஓட்டுப் போடத் தெரியாதா எங்களுக்கு" என்று ஒரு குரல் முணுமுணுத்தது.

அதன் பிறகு சத்தமே இல்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எங்கோ ஒரு மெஷின் 'தட்' என்று ஒரே ஒரு தையல் போட்டு நின்றது. பிறகு இன்னொன்று. அடுத்த நொடி கூடம் முழுக்கத் தடதடத்தது, தரை அதிர்ந்தது.

"யார் முதல்ல மிதிச்சது?" என்று கத்தினார் மேனேஜர். ஒருவரும் நிமிரவில்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ?"

அவளுக்கு மெஷின் கிடையாது. பின்னால் ஒளிந்துகொள்ளப் பெடலும் கிடையாது.

"எனக்கும் வேண்டாம் சார். அங்க எங்க வீட்டுப் பொண்ணு உக்காந்திருக்கா. அவ இல்லாட்டியும் இதேதான் சொல்வேன்."

"அப்போ துணி? போனா உன் தலைதான் உருளும்."

"அதை என்கிட்ட மட்டும் கேக்காதீங்க. இவங்ககிட்டயும் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. ஆனால் கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள்.

"அண்ணி, அந்தத் துணி ரேக்கைக் கதவுப் பக்கமிருந்து எடுத்து சார் ரூம் வாசல்ல வச்சா என்ன? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அவரே பார்த்துக்கலாமே."

"வாசல் அடைஞ்சிடும்டி. ஜன்னலோரமா வைக்கலாம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அங்க வெயில் பட்டு வெளுத்துடும்."

"திரை போட்டுக்கலாம்."

பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. மேனேஜர் பூட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு எரிச்சலோடு கேட்டார்:

"பேசினது போதும். அந்த ரேக்கை யார் தூக்குறது?"

நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன.