பேக்கரி அம்மாவின் மகனுக்காக

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. முதல் தடவை இப்படி ஆரம்பித்தேன்:

"விசுவாசத்தை இழந்த அந்தப் பெண்ணின் துயரம் கண்டு வானமும் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவள்..."

வானத்தை விட்டுவிடலாம். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஒரு கிறிஸ்தவ மாதப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன். யாராவது அழ வேண்டுமென்றால் முதலில் மழையைக் கூப்பிட்டுவிடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது.

[என் தொடர்கதையைப் பற்றி ஒரு வார்த்தை. பேக்கரி நடத்தும் ஒரு விதவைத் தாய். அவளுடைய ஒரே மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். மாதாமாதம் அவள் முழங்கால்போட்டு ஜெபிக்கிறாள், அவன் வருகிற வழியைக் காணோம். எல்லாம் அவளே சொல்வதுபோல இருக்கும். பத்திரிகை ஆசிரியர் என் பெயரை எடுத்துவிட்டு 'ஒரு தாய் எழுதுகிறாள்' என்று போட்டார். "உங்க பேரைப் போட்டா மீசை தெரியுது தம்பி" என்றார்.]

2

கண்ணாடிக்கடை அக்காவிடம் வருவோம். ஐம்பது வயதிருக்கும். (நாற்பத்தைந்து என்று எழுதி, அடித்தேன். பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்தான்.) ஃபிரேமைச் சூடு காட்டி இளக்கி, கண்ணாடியை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக்கென்று உட்கார்ந்துவிடும். உட்காராத கண்ணாடியிடம் "உனக்கென்ன இவ்வளவு பிகு?" என்று கேட்பாள்.

கணவர் படுக்கையில் கிடந்தபோது அக்கா கேட்காத ஜெபமில்லை. சபையே சேர்ந்து கேட்டது. அவர் பிழைக்கவில்லை. அதன்பிறகு இரண்டு வருஷம் அவளுக்கு ஜெபம் வரவில்லை. சபைக்குப் போவாள், மற்றவர்கள் கண்ணை மூடும்போது தானும் மூடுவாள், உதடு மட்டும் அசையும். ஆண்டவர்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. திரும்பவும் கேட்டு, திரும்பவும் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"அந்தப் பயம் ஒரு கருநாகம்போல அவள் நெஞ்சில் படமெடுத்து..."

பாம்பெல்லாம் வேண்டாம். வெறும் பயம்தான், அதுவே போதும்.

3

புதுக் கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டு, எழுத்து தெரிகிறதா என்று பார்க்க அக்கா ஒரு பத்திரிகையை நீட்டினாள். என் பத்திரிகை. என் தொடர்கதை வந்த பக்கம்.

"வாசிங்க சார்."

வாசித்தேன். 'மகனே, அடுப்பில் வேகும் ரொட்டியின் வாசனையும் உன் பெயரையே சொல்லி அழைக்கிறது.' இவ்வளவு மோசமாகவா எழுதியிருக்கிறேன்?

"தெரியுதா?"

"நல்லாவே தெரியுதுக்கா."

"இந்தம்மாவுக்காகத்தான் எங்க ஜெபக்கூட்டத்துல ஜெபிக்கிறோம். நான்தான் சொல்லி ஆரம்பிச்சேன். என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குன்னு கேக்க வாயே வரல சார். இதைப் படிச்சதும், பாவம், இவளுக்காவது கேக்கலாமேன்னு தோணுச்சு. பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன். வந்துருச்சு."

இத்தனை நாள் கழித்து ஒருத்திக்கு ஜெபம் திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பிடிமானமாக இருப்பது நான் மேஜையில் உட்கார்ந்து ஜோடித்த பேக்கரி. உண்மையைச் சொன்னால் அந்த ஜெபமும் போய்விடுமோ? சொல்லாவிட்டால்—

"நாங்க நாலு பேர் நேர்லயே போய்ப் பாக்கலாம்னு இருக்கோம்," என்றாள் அக்கா. "பத்திரிகை ஆபீசுக்கு போன் பண்ணி வீடு எங்கன்னு கேக்கணும்."

4

இந்த இடத்தில் வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

(அ) நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த இதழில் பையன் வீடு திரும்புகிறான். பத்திரிகை ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்குத்தான் சோறு இறங்காது.

(ஆ) சொல்லிவிடுகிறேன். அக்கா பத்திரிகையைச் சுருட்டி என் முகத்தில் எறிந்து, "நீங்களும் உங்க ஆண்டவரும்" என்று—

அக்கா அப்படிப் பேசுகிறவள் கிடையாது. எழுதவே கை கூசுகிறது. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

5

"அக்கா, அந்தம்மா நான்தான்."

அவள் என் மீசையைப் பார்த்தாள்.

"அது கதைக்கா. நான் எழுதுறேன். பேக்கரி, பையன் எல்லாமே நானா கட்டுனது."

"அப்போ அந்தப் பையன் வீட்டைவிட்டுப் போகலையா?"

"பையனே கிடையாதுக்கா."

"அந்தம்மா தனியா உக்காந்து அழலையா?"

"அப்படி ஒரு அம்மாவே இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். சரி, இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"அப்பாடா," என்றாள். "நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் சார். அந்தப் புள்ள எங்கயாவது செத்துக் கெடக்கானோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, ஸ்தோத்திரம்." சிரித்தாள், சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

"கோவம் வரலையாக்கா? இல்லாத ஆளுக்காக அத்தனை நாள் கேட்டிருக்கீங்க."

"அவ இல்லாம இருக்கட்டும். கேட்டது நான்தானே. நான் இருக்கேன்ல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கூட்டத்துல சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அவளுக்குத்தான் ஒரு கொறையும் இல்லைன்னு ஆயிருச்சே. இனி என்னதைக் கேட்டுர வேண்டியதுதான்."

கடையில் வேறு யாருமில்லை. அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி, கண்ணை மூடினாள். நான் இருப்பதையே மறந்துவிட்டாள்போல.

"ஆண்டவரே, எனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

6

மீதியை என்னால் எழுத முடியும். பக்கம் பக்கமாக ஜெபம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். பதில் வந்தது என்றும் எழுதலாம், வரவில்லை என்றும் எழுதலாம். ஆனால் ஒரு மனுஷி இவ்வளவு காலத்துக்குப் பிறகு தனக்காக வாய்திறந்து பேசுகிறாள். பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்பது மரியாதையாக இருக்காது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

நீங்களும் வந்துவிடுங்கள்.