நாலு டிஸ்க்குக்கு ஒரு காவல்

ஆடிட்டர் ஷ்யாம்சுந்தர் யாருக்கு எந்த வேலையைக் கொடுத்தாலும் கூடவே ஒரு பயத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை காலை பத்ரியின் கையில் அவர் கொடுத்தது ஒரு மஞ்சப்பை. உள்ளே, ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய நான்கு ஹார்டு டிஸ்க்குகள்.

"பத்ரி, கிழக்குத் தாம்பரத்துல பாதிப் பேரோட கணக்கு இதுக்குள்ள இருக்கு. காட்டின கணக்கும் இருக்கு, காட்டாத கணக்கும் இருக்கு. சுத்தமா அழிச்சு, இரும்புலியூர் ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபுக்குக் கொடுத்துடணும். அழிச்சு முடியற வரைக்கும் நீ அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. கண்ணை எடுக்கவே கூடாது. புரியறதா?"

"புரியறது சார்" என்றான் பத்ரி.

அவன் அந்த ஆபீஸில் சேர்ந்து பல வருஷமாகிறது. சொன்ன சொல்லைத் தட்டமாட்டான். உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுவான். என்ன, அவனுக்குச் சும்மா உட்காரத்தான் தெரியாது.

முடிச்சூர் ரோட்டில் ஏஞ்சலின் கடை, ரயில் பெட்டியில் பாதி அகலம்கூட இல்லாத ஒரு நீளச் சந்து. பழைய கம்ப்யூட்டர், பழைய மானிட்டர், பழைய கீபோர்டு என்று இரு பக்கமும் கூரைவரை அடுக்கியிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு இரண்டு கம்பெனிகளில் வேலை பார்த்து, இரண்டு மேனேஜர்களோடும் சண்டை போட்டுவிட்டுத் தானே கடை வைத்தவள் அவள். புருஷன் மோகன்ராஜுக்கு மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. அதனால் கடைக்கு முதலாளியும் அவள்தான், மெக்கானிக்கும் அவள்தான்.

"டெலீட் பண்ணினா போறாதா?" என்று கேட்டான் பத்ரி.

"டெலீட் பண்றது வாசல்ல மாட்டியிருக்கற பேர்ப்பலகையைக் கழட்டற மாதிரி சார். உள்ள ஆளுங்க அப்படியேதான் இருப்பாங்க. நான் பண்ணப்போறது உள்ள போய்ச் சுவர் சுவரா வெள்ளையடிக்கறது. ஒரு மூலை விடாம டிஸ்க் முழுக்கச் சைபரா எழுதிடுவேன். அப்புறம் பிரம்மா வந்தாலும் படிக்க முடியாது."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு ரெண்டா போடறேன். ஜோடிக்கு ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. நீங்க போய்ட்டு சாயங்காலமா வாங்களேன்."

"இல்லை. நான் இங்கயேதான் இருக்கணும்."

ஏஞ்சல் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். மூலையில் இருந்த இரும்பு மேசைமேல் இரண்டு டிஸ்க்குகளை வைத்து ஒயரை மாட்டிவிட்டாள். திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் தோன்றின. பக்கத்தில் வேகத்தைக் காட்டும் எண். நொடிக்குத் தொண்ணூறு எம்.பி. என்று ஜம்மென்று கிளம்பியது.

பத்ரி நாற்காலியை இழுத்துப் போட்டு, இருந்த இடத்தில் எப்படியோ முட்டியை மேசைக்காலோடு ஒட்டி நுழைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டவன் மாதிரி திரையைப் பார்க்க ஆரம்பித்தான்.

எண் தொண்ணூறிலிருந்து நாற்பதுக்கு வந்தது. நாற்பதிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தது. கடைசியில் ஏழில் போய்ப் படுத்துக்கொண்டது.

"மேடம், மெதுவாப் போறதே?"

ஏஞ்சல் எட்டிப் பார்த்தாள். ஒயரை மாற்றினாள். அப்போதும் ஏழு. பத்ரியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் வேறு இடத்தில் செருகினாள். ஒரு கணம் எண்பதுக்கு எகிறியது. "அவ்வளவுதான், சரியாப் போச்சு" என்று அவள் திரும்ப, பத்ரி மறுபடி உட்கார்ந்தான். மறுபடியும் ஏழு. சாஃப்ட்வேரை மாற்றிப் பார்த்தாள். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். கடைசியில், "பழைய டிஸ்க் இல்லையா சார், வயசாயிடுச்சு. மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு ஒரு கல்லூரிப் பெண்ணின் லேப்டாப்பைப் பிரிக்கப் போய்விட்டாள்.

மதியம்வரை பத்ரி அசையவில்லை. அசையவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பச்சைக் கோடு ஒன்பது சதவீதத்தில் நின்றது. அப்போதுதான் வீட்டிலிருந்து மனைவி வேதாவின் போன்.

"இன்னும் சாப்பிடலையா? டிஸ்க் எங்கயும் ஓடிப்போயிடாது பத்ரி. உனக்கு அல்சர் வந்தா உங்க ஆடிட்டரா வந்து பார்க்கப்போறார்?"

அது நியாயமாகப் பட்டது. ஆடிட்டரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பக்கத்து மெஸ்ஸுக்கு ஓடினான். சாம்பார் சாதத்தைப் பாதி மென்றும் பாதி விழுங்கியும், மோரை நின்றபடியே குடித்தும், அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

திரையில் நாற்பத்தொரு சதவீதம்.

பத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். காலையெல்லாம் உட்கார்ந்து ஒன்பது, அரை மணியில் முப்பத்திரண்டா? ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்குக் கணக்கு உதைத்தால் முதலில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், நடுவுல விட்டுட்டுத் தாண்டி வந்துட்டீங்களா?"

"என்னது?"

"நான் போனதும் பாதியை எழுதாமலே எழுதின மாதிரி காட்டிட்டீங்க. இது ஏமாத்து வேலை!"

கடைசி வார்த்தை கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. எதிரே கதிரேசனின் டீக்கடையில் நின்றிருந்த நாலைந்து பேர் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள்.

ஏஞ்சலின் முகம் சிவந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தாள். "சார், இதுல தாண்டற பட்டனே கிடையாது. அப்படித் தாண்டி எனக்கு என்ன கிடைக்கப்போகுது? உங்க ஆடிட்டர் கணக்கைத் திருடி வெச்சு நான் ஊறுகாயா போடப்போறேன்? நம்பிக்கை இல்லைன்னா பையைத் தூக்கிட்டுக் கிளம்புங்க."

பத்ரி குரலைத் தாழ்த்தினான். வேறு கடைக்குப் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "இல்லை... நான் பார்க்கறச்சே ஏழு, பார்க்காதப்போ தொண்ணூறுன்னா, யாரா இருந்தாலும் சந்தேகம் வராதா மேடம்?"

"பார்க்கறப்போ ஏழா?" என்று ஏஞ்சல் திரையைப் பார்த்தாள். வாசலில் நின்றபடி அவன் கத்திக்கொண்டிருந்த இந்த நேரத்திலும் எண் எண்பத்தெட்டு. "சரி, வந்து உட்காருங்க."

வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் எண்பத்தெட்டு. பிறகு முப்பது. பிறகு ஏழு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"எழுந்து ரோட்டுக்குப் போங்க சார். போனைக் கையில வெச்சுக்குங்க" என்றாள் ஏஞ்சல். அவன் பூக்கடைப் பக்கம் போய் நின்றதும் வீடியோ காலில் கூப்பிட்டு, தன் போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். போனுக்குள் அந்தச் சின்ன எண் ஏறிக்கொண்டே போவதைப் பத்ரி பார்த்தான். ஐம்பது, எண்பது, தொண்ணூற்றிரண்டு. திரும்பி வந்து உட்கார்ந்தான். இறங்கியது. மறுபடி போனான். ஏறியது. பூக்காரம்மா, "இன்னா சார், எதுனா தொலைச்சுட்டியா?" என்று அனுதாபமாகக் கேட்டாள்.

மூன்றாவது தடவை திரும்பி வந்து உட்கார்ந்தபோது பத்ரியின் முகம் சுண்டிப்போயிருந்தது. "மேடம், எனக்கு ராசியே கிடையாது. நான் பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கே அவாத்துல மிக்ஸி புகைஞ்சுது. எங்க மாமியார் இன்னிக்கும் அதைச் சொல்லிண்டிருக்கா."

"ராசியாவது மண்ணாவது! டிஸ்க்குக்கு ஆளைத் தெரியுமா?" என்று அதட்டினாளே தவிர, ஏஞ்சலுக்கும் உள்ளூர ஒரு மாதிரிதான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை ஓரக்கண்ணால் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கதிரேசன் இரண்டு டீயோடு வந்தார். டீக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சண்டை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். கிளாஸ்களை இரும்பு மேசைமேல் வைத்துவிட்டு, கிளம்ப மனமில்லாமல் நின்றார்.

"இன்னாக்கா, டீ தளும்பிக்கினு கீது? நான் ஃபுல்லாகூட ஊத்தலியே."

ஏஞ்சல் கிளாஸைப் பார்த்தாள். டீயின்மேல் வட்ட வட்டமாகச் சிற்றலை. ஓயாமல் நடுவில் பிறந்து ஓரத்தில் மோதிக்கொண்டிருந்தது. மேசையைப் பார்த்தாள். குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

அங்கே பத்ரியின் வலது கால் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முட்டி மேசைக்காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

"சார்" என்றாள் மெதுவாக. "காலை ஆட்டாதீங்க."

பத்ரி திடுக்கிட்டுக் காலை நிறுத்தினான். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். ஏழு. பத்தொன்பது. அறுபது. தொண்ணூறு.

"இப்ப ஆட்டுங்க."

ஆட்டினான். ஏழு.

"அய்ய, இது நல்லா கீதே!" என்று கதிரேசன் ரோட்டைத் தாண்டிக் குரல் கொடுக்க, டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் கடை வாசலில் வந்து கூடிவிட்டார்கள். "சார், ஆட்டு. இப்ப நிறுத்து. மறுபடி ஆட்டு. பாத்தியா, ஆக்ஸிலேட்டர் மாதிரியே கீது, ஆனா மிதிச்சா வண்டி நிக்குது!"

ஏஞ்சலுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் விளக்கினாள். டிஸ்க்குக்குள்ளே தகடு சுழன்றுகொண்டே இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய கோட்டில் ஒரு ஊசிமுனை எழுதும். மேசை அதிர்ந்தால் அந்த முனை கோட்டைவிட்டு விலகிவிடும். தகடு இன்னொரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருந்து, அதே இடத்தில் மறுபடி எழுதும். "ஓடற பஸ்ஸுல கையெழுத்துப் போடற கதைதான் சார். நாலாவது வருஷமா இதே தொழில் பண்றேன், எனக்கும் தோணலையே!"

பத்ரிக்குக் காது மடல்வரை சூடாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வேதா அவன் தொடையில் கையை வைத்து அழுத்தி அழுத்தி இதைத்தான் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காலாட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று மாமியாரும் சொல்லாத நாளில்லை. லட்சுமி விஷயத்தை அவன் நம்பியதில்லை. ஆனால் இப்போது கண்ணெதிரே நிரூபணம், அதுவும் நொடிக்கு எத்தனை எம்.பி. என்கிற துல்லியத்தோடு.

நிறுத்திப் பார்த்தான். கால் நின்றதும் விரல்கள் மேசையில் தாளம் போட ஆரம்பித்தன. கையைக் கட்டிக்கொண்டான். குதிகால் தானாகக் கிளம்பியது. ஏஞ்சல் பார்த்தாள். நான்கு பழைய மௌஸ் பேடுகளைத் தரையில் அடுக்கி, டிஸ்க்குகளை அதன்மேல் இறக்கி வைத்தாள். பத்ரியின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டாள். "இங்க உட்கார்ந்து எவ்வளவு வேணா ஆட்டுங்க. முடிச்சூர் ரோடே ஆடினாலும் எனக்குக் கவலையில்லை."

பச்சைக் கோடுகள் குதிரை மாதிரி ஓடின. வாசலில் உட்கார்ந்திருந்த பத்ரிக்குத்தான் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் எழுந்து ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனான். கூட்டம் அப்படியேதான் இருந்தது.

"மதியம் அவங்களை ஏமாத்து வேலைன்னு சொன்னேன் இல்லையா? அது தப்பு. தப்பு என்மேலதான்" என்றான். மதியம் சொன்ன அதே சத்தத்தில் சொன்னான். எதிரே ஏஞ்சலின் காதில் விழவேண்டுமே.

"உன் கால் மேல சார்" என்று யாரோ திருத்தினார்கள். பத்ரியும் சேர்ந்து சிரித்துவிட்டான். ஏஞ்சல் தலை நிமிரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த டீயைத் தன் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டாள்.

முதல் ஜோடி முடிந்து, இரண்டாவது ஜோடி ஏறியது. அதில் ஒன்று பாதி வழியில் 'டிக், டிக்' என்று முனகியது. வேகம் ஏழுகூட இல்லை, பூஜ்ஜியம். வாசலிலிருந்து பார்த்த பத்ரி பதறிப்போய் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிச் சம்மணம் போட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். பூஜ்ஜியம் அசையவில்லை.

"மேடம், சத்தியமா நான் எதையும் ஆட்டலை!"

ஏஞ்சல் டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டாள். "இது நீங்க இல்ல சார். இது நிஜமாவே செத்துப்போச்சு."

அந்த வார்த்தை பத்ரிக்குப் பாயசம் மாதிரி இருந்தது. அன்று முழுதும் நடந்த தவறுகளில் அவனுக்குச் சம்பந்தமே இல்லாதது இது ஒன்றுதான். பாவம், செத்தது டிஸ்க். அதற்கு இப்படியா சந்தோஷப்படுவது என்று அவனே தன்னைக் கடிந்துகொண்டான்.

"அழியாத பாதியில கணக்கு அப்படியே இருக்குமே?"

"இருக்கும். இதை எழுதி அழிக்க முடியாது. உடைச்சுத்தான் அழிக்கணும்." மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்த தகட்டை வெளியே எடுத்தாள். சுத்தியலை அவனிடம் நீட்டினாள். "உங்க ஆபீஸ் டிஸ்க், நீங்களே முடிச்சு வைங்க. வெளியில, நடைபாதையில வெச்சு."

பத்ரி சட்டைக் கையை மடித்துவிட்டான். முதல் அடியைப் பயந்து பயந்து போட்டான். தகடு லேசாக நெளிந்தது. இரண்டாவது அடியில் அவனுக்குச் சுவை தட்டிவிட்டது. எட்டு வருஷமாக மார்ச் மாதம் தோறும் ராத்தூக்கம் போனதற்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று, புகைந்த மிக்ஸிக்கு ஒன்று. கதிரேசன், "அப்டிப் போடு!" என்று உற்சாகப்படுத்தினார். பூக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

சட்டைப்பையில் போன் அலறியது. ஷ்யாம்சுந்தர். பத்ரி ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். சுத்தியல் மறு கையில் ஓங்கியபடி இருந்தது.

"பத்ரி, எங்க இருக்கே? என்ன அது, அங்க ஒரே சத்தம்?"

"அழிச்சிண்டிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒன்று போட்டான்.