பிசிறு வெட்டிய பன்னிரண்டு ஈக்கள்

1

நதிக்கரையில் பிறந்த மானுட நாகரிகம், ஒரு தூண்டில் முள்ளின் வளைவில்தான் தன்னை முதன்முதலாக அறிந்துகொண்டது.

இந்த வாக்கியம் பெருமாநல்லூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தோன்றியது. யாருடைய சாப்பாட்டுக் கூடையோ என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன். இடம் போதாமல் ‘அறிந்துகொண்டது’ மட்டும் உள்ளங்கைக்குப் போனது. இரண்டு நாள் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் அர்த்தம் என்னவென்று யோசித்தேன். இன்றுவரை பிடிபடவில்லை. அடித்துவிடவும் மனமில்லை, கதைக்கு ஒரு வாசல் வேண்டுமே.

உண்மையில் இந்தக் கதை பிறந்தது ஒரு டீ-சர்ட்டில். நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். 2004-ல் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. நெஞ்சில் பன்னிரண்டு பூச்சிகள், நாலு வரிசையில், கலர் கலராகப் பிரிண்ட். பூச்சி இல்லை, மீன் பிடிக்கிற பொய் ஈ என்று, ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் விளக்கினார். முள்ளைச் சுற்றி நூலும் இறகும் கட்டித் தண்ணீரில் போட்டால் மீன் நிஜம் என்று நம்பி விழுங்குமாம். எல்லோரும் சிரித்தோம். சாம்பிள் டெய்லர் ராஜபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. ரிஜெக்ட் ஆன ஒரு டீ-சர்ட்டை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனான்.

2

ராஜபாண்டி தன் தனிமையின் ஆழத்தில் அமர்ந்து

(நிறுத்திவிட்டேன். அவன் இருப்பது லைன் வீட்டில். பதினோரு குடும்பம், இரண்டு குளியலறை. தனிமைக்கு அங்கே இடமில்லை.)

2, மறுபடியும்

ராஜபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஒற்றை அறை வீட்டில் ஒரு மேசை. மேசையில், மெக்கானிக்கிடம் வாங்கிய சின்ன இரும்பு இடுக்கி, வைஸ்.* அதன் வாயில் முள்ளைக் கடிக்கவைத்து, எம்ப்ராய்டரி நூலைப் பாபினிலிருந்து இழுத்து இழுத்துச் சுற்றுவான். கோழிக்கடையிலிருந்து சேவலின் கழுத்து இறகு. பல்லடம் ரோட்டில் பொறுக்கிய மயிலிறகு. சுவரில் அந்த டீ-சர்ட், ஆணியில். அதைப் பார்த்துத்தான் கட்டுவான். டேப் வைத்து அளப்பான். நூல் கலரை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப் லைட்டில் ஒருமுறை பொருத்திப் பார்ப்பான். முதல் ஈயை முடித்தவுடன் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நாலு சைஸிலும் கட்டிவிட்டான். சாம்பிள் டெய்லரின் கை அப்படி.

* இந்த இடத்தில் கைவினைக்கும் முதலாளியத்துக்குமான உறவு பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். என் மனைவி அதன்மேல் வெங்காயம் நறுக்கினாள். போகட்டும்.

இரண்டு வருடம் கட்டினான். ஞாயிறுதோறும் சாமளாபுரம் குளத்தில் போட்டுப் பார்த்தான். ஒரு மீன்கூட அந்த ஈக்களை மதிக்கவில்லை.

3

இனி நாகஜோதி. ராஜபாண்டியின் மனைவி, எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறாள். முதல் பிரதியில் அவளைக் கலையின் எதிரியாக எழுதினேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் எட்டு வருடமாகத் தினமும் பத்து மணி நேரம் நின்றுகொண்டே பீஸ் பார்க்கிறவள். சாயங்காலம் அவள் கணுக்காலைப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். அவளுக்கு வேண்டியது ஒரு தையல் மிஷின். வீட்டிலேயே உட்கார்ந்து ஜாப் ஒர்க் செய்யலாம். பழைய மிஷின் ஒன்றைச் சொல்லியும் வைத்திருந்தாள். வைக்க இடம்தான் இல்லை. அந்த இடத்தில் மேசை; மேசையில் ஈ.

ஒரு வெள்ளிக்கிழமை டீ டைமில் என் முன்னாலேயே வெடித்தது.

“அண்ணே, ஊருல மாட்டக் கட்டுவாக, ஆட்டக் கட்டுவாக. இந்த மனுசன் ரெண்டு வருசமா ஈயக் கட்டுறாரு.”

“விழுகும்டி. சீசன் வரணும்.”

“எந்தச் சீசன்? கிறிஸ்மஸ் ஆர்டரா? இந்தா பாருங்க, ஞாயித்துக்கெழம பன்னெண்டு மணிக்குள்ள அந்த ஈயில ஒரே ஒரு மீனு விழணும். விழுந்தா மேச உங்களுது, நான் வாயே தொறக்கல. இல்லன்னா மிஷினு வருது.”

“மீனு எம்புட்டு வெயிட் இருக்கணும்?”

“உசுரோட இருந்தாப் போதும்.” பிறகு என்னிடம் திரும்பினாள். “அண்ணே, நீங்க கூடப் போயிப் பாத்துச் சொல்லுங்க. கதையெல்லாம் எழுதுறீங்க. நீங்க சொன்னா நம்புவேன்.”

4

சாமளாபுரம் குளம். ஞாயிறு காலை ஒன்பது மணி.

விடியலின் பொற்கதிர்கள் நீரின் மேனியில்

(ஒன்பது மணிக்கு ஏது விடியல்.)

ராஜபாண்டி ஈ டப்பாவைத் திறந்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

“அண்ணே. எல்லாத்துக்கும் மொட்ட போட்டுருக்கா.”

பன்னிரண்டு ஈக்களுக்கும் கால் இல்லை, இறக்கை இல்லை, மீசை இல்லை. சுற்றிய நூல் மட்டும் வழவழவென்று, கிராம்பு போல.

போனில் கேட்டான். நாகஜோதியின் குரல் எனக்கே கேட்டது.

“ஆமா, ராத்திரி டிவி பாத்துக்கிட்டே வெட்டுனேன். ஒரே பிசிறா இருந்துச்சுங்க. இன்னைக்காச்சும் நீட்டாக் கொண்டு போங்கன்னுதான்.”

அவள் குரலில் கள்ளம் இல்லை. பிசிறோடு ஒரு பீஸ் கையில் வந்தால் நூல் வெட்டுகிற டிரிம்மர் தானாகப் போய்விடும். எட்டு வருடப் பழக்கம். இரண்டாம் பிரதியில் இதைச் சதியாக்கிப் பார்த்தேன். விறுவிறுப்பு வந்தது, நாகஜோதி போய்விட்டாள். அதனால் அவளையே வைத்துக்கொண்டேன்.

வேறு ஈ இல்லை. மொட்டை ஈயையே போட்டான். பத்தடி தள்ளி மாரப்பன் என்று ஒரு உள்ளூர்க்காரர், மைதா உருண்டையில் ஜிலேபிக் கெண்டைகளாக இழுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, மீசை வழிச்ச ஈயாட்ட இருக்குதுங்களே. மைதா கொஞ்சம் தரட்டுங்களா? ஏலக்காய் போட்டுப் பெசஞ்சது.”

“வேணாங்க. இது வேற முறை.”

“சரீங்க. உங்க முறைப்படி வராத மீனு இந்தப் பக்கம் வந்துக்கட்டுங்க.”

பத்து மணி. பதினொன்று. ராஜபாண்டி திரும்பத் திரும்ப ஈயை வீசினான். மேசையை நினைத்துக்கொண்டிருந்தான் என்று எழுதலாம். முகத்தில் அதுதான் இருந்தது.

பதினொன்றே முக்கால்.

(இங்கே ஒரு பத்து நிமிடத்தை விட்டுவிடுகிறேன்.)

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். ராஜபாண்டியின் உள்ளங்கையில் ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. சின்னது. மாரப்பன் தன் பையின் வாயை மும்முரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பாத்தீங்கல்ல?” என்றான் ராஜபாண்டி.

“பாத்தேன்” என்றேன்.

5

நாகஜோதி மீனை வாங்கி முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், வாயைப் பிரித்து முள் குத்திய ஓட்டையைப் பார்த்தாள். செக்கிங்கில் அந்த மீன் பாஸ். இனி என் முறை.

“ஈயிலதான் விழுந்துச்சாண்ணே?”

“ஈயிலதான்மா.”

“நான் பிசிறு வெட்டுனதுலதான்?”

“அதுலதான்.”

அவள் சிரித்தாள். “பாத்தீங்களா, நீட்டா இருந்தா மீனுக்கும் பிடிக்குது” என்று புருசனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மிஷின்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றாள். அதன்பிறகு அந்த மேசையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. இன்றும் செக்கிங்கில்தான் நிற்கிறாள்.

முடிவுகள் கைவசம் மூன்று. ஒன்று: மொட்டை ஈயில்தான் விழுந்தது, பழுத்து விழுந்த ஏதோ விதை என்று மீன் நினைத்தது. இரண்டு: கடைசி நிமிடத்தில் ராஜபாண்டி ஏலக்காய் மைதாவுக்கு இறங்கிவந்தான். மூன்று: மீன் மாரப்பனின் பையிலிருந்து வந்தது. மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாண்டியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால், நான் எங்கே இருந்தேன் என்று அவன் திருப்பிக் கேட்பான்.

பிரதியைப் படித்த இலக்கிய நண்பர் ஒருவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அந்தப் பத்து நிமிடத்தை மௌனமாக விட்டது, நிச்சயமின்மையை வாசகனின் கையில் ஒப்படைக்கும் அபாரமான உத்தி என்றார். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

அந்தப் பத்து நிமிடமும் நான் கருவேலம் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பேதி.